மயில் வரைந்தால் யாருக்கும் கோபம் வராது

நம் குடியிருப்புச் சுற்றுச்சுவரில் வரைந்திருந்த படத்தின் விஷயம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். படத்தை நான்தான் இங்கே போட்டேன், ஹார்ட் எல்லாம் விட்டீர்கள். இப்போது அந்தப் படம் இல்லை. சனிக்கிழமை காலை பால் வாங்கப் போனவள் பார்க்கிறேன், சுவர் முழுக்க க்ரீம் கலர். என்ன ஆச்சு என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். "ரொட்டீன் மெயின்டனன்ஸ் மேடம்" என்று பதில். மற்ற மூன்று பக்கச் சுவரிலும் பாசி பிடித்து, பூச்சு உதிர்ந்து, ஒரு இடத்தில் அரசமரக் கன்றே முளைத்திருக்கிறது. அதற்கெல்லாம் மெயின்டனன்ஸ் கிடையாது. படம் இருந்த பக்கத்துக்கு மட்டும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாதாளச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு இடுப்பு வரை வெளியே வந்திருக்கும் ஒருவர், தெருவில் போகிறவர்களை நேராகப் பார்க்கிறார். அவ்வளவுதான் படம். வாசகம் இல்லை, கொடி இல்லை, எந்தத் தலைவரும் இல்லை. ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் பழைய கமிட்டியிடம் அனுமதி கேட்டு, பெயின்ட்டைச் சொந்தக் காசில் வாங்கி வந்து வரைந்தது. கையெழுத்துகூடப் போடவில்லை.

அதே குரூப்பில் அன்று மாலையே புது யோசனை வந்துவிட்டது. அந்த இடத்தில் மயில் வரையலாமாம். தோகை விரித்த மயில், பின்னால் ஒரு அருவி. இருபது பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

மயில் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எனக்குப் புரிவது இதுதான்: நமக்குச் சுவரில் படம் வேண்டும், ஆனால் அது நம்மிடம் எதுவும் கேட்கக்கூடாது. வண்ணம் இருக்கலாம், செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம், 'வாவ்' போடலாம். அது திரும்பி நம்மைப் பார்த்தால் மட்டும் மெயின்டனன்ஸ் வந்துவிடும்.

இதெல்லாம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. அண்ணா சாலையில் 2009, 2010 வாக்கில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? போஸ்டர் ஒட்டக்கூடாது, கட்சிக்காரர்கள் எழுதக்கூடாது என்று சொல்லிச் சுவர்களையெல்லாம் சுத்தம் செய்து, கோயில், சிற்பம், கிராமியக் கலை, இயற்கைக் காட்சி என்று மாநகராட்சி வரையவைத்தது. ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பு போயிருந்த பேனர் ஓவியர்களுக்கு அதில் வேலை கிடைத்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கவனியுங்கள். கத்திக்கொண்டிருந்த சுவர், கைகட்டி நிற்கிற சுவராக மாறியது. அந்தச் சுவர்கள் கத்தியதில் முக்கால்வாசி குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். மீதிக் காலும் அதோடு போனதே, அதுதான் என் பிரச்சினை.

என் பெரியப்பா சுவர் எழுதுகிறவர். திண்டிவனம் பக்கம். காலையில் உதயசூரியன், சாயங்காலம் இரட்டை இலை, நடுவில் உரக் கம்பெனி விளம்பரம். முதலில் சுண்ணாம்பு ரெண்டு கோட்டிங். காய்ந்ததும் நூல் பிடித்துக் கோடு போடுவார். பவுடர் கலரில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றிக் கலக்குவது என் வேலை. அந்த நாற்றம் பள்ளிக்கூடச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். தேர்தல் வருவதற்கு ஆறு மாதம் முன்பே சுவரின் ஓரத்தில் கட்சிப் பெயரும் வருஷமும் எழுதி 'ரிசர்வ்' போட்டுவிட்டு வர வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்பதெல்லாம் அப்புறம்தான்.

ஒரு உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஊர் முழுக்க எழுதினார். அவர் ஜெயித்தார். கூலியை மறந்தார். பெரியப்பா பல தடவை வீட்டுக்கு நடந்து பார்த்தார். அப்புறம் ஒருநாள் விடியற்காலையில், பேருந்து நிலையத்துக்கு எதிரே 'வாக்களித்த பெருமக்களுக்கு நன்றி' என்று தானே எழுதிய சுவருக்குப் போய், அதற்கு நேர்கீழே, அதே கலரில், அதே எழுத்தில், 'இதை எழுதிய கூலி பாக்கி' என்று எழுதிவிட்டு வந்துவிட்டார். எழுத்து அவ்வளவு சுத்தம். பஸ் ஏற வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள். மத்தியானமே ஆட்கள் வந்து, அவரை வைத்தே சுண்ணாம்பு அடித்து அழிக்க வைத்தார்கள். கூலி வந்தது என்றுதான் பெரியப்பா சொல்வார். பெரியம்மா அதை ஒருநாளும் நம்பியதில்லை.

ஆயிரம் அடிக்குப் பொய் எழுதினார், யாரும் அழிக்கவில்லை. ஒரே ஒரு வரி உண்மை எழுதினார், மத்தியானம் தாண்டவில்லை.

கோயம்புத்தூரில் 2017 நவம்பரில் நடந்தது இன்னும் மோசம். அவிநாசி சாலையில் விழாவுக்காகக் கட்டிய அலங்கார வளைவு, ரகுபதி என்ற இளைஞரின் சாவில் போய் முடிந்தது. அவர் விழுந்த சாலையிலேயே 'ரகுவைக் கொன்றது யார்?' என்று ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்தில் யாரோ எழுதினார்கள். சுவர்கூட இல்லை, தார்ச்சாலை. அதையும் விட்டுவைக்கவில்லை, அழித்தார்கள். வளைவு வைக்க இடம் இருந்த சாலையில் கேள்விக்கு இடம் இல்லை. ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் வண்டியில் போன சுபஸ்ரீ என்ற பெண் மேல் பேனர் விழுந்தது, அவரும் செத்துப்போனார்.

அதே 2019 டிசம்பர் கடைசியில் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் பெண்கள் கோலம் போட்டார்கள். கோலம்! மாவு! மறுநாள் பெருக்கினால் போய்விடும். அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது போலீஸ். அடுத்த நாள் ஊரெங்கும் வாசலில் அதே கோலம் வந்தது, கலைஞர் கருணாநிதி வீட்டு வாசல் உட்பட. மார்கழியில் கோலம் போடுவது நம் பண்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிற ஆட்கள் அன்று எங்கே போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, கமென்ட்டில் என்ன வரும் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன்.

"தனியார் சுவர், உரிமையாளர்கள் முடிவு செய்வார்கள்." நானும் உரிமையாளர்தான் சார். என்னை யாரும் கேட்கவில்லை. அடுத்தது.

"1959ஆம் வருஷச் சட்டப்படி பொது இடத்தை அலங்கோலப்படுத்துவது குற்றம்." சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. நம் தெருமுனையில் காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் வைக்கிற ஃப்ளெக்ஸைப் பார்க்கும்போது மட்டும் அந்தச் சட்டம் உங்களுக்கு மறந்துபோகிறதே, எப்படி?

"குழந்தைகள் பயப்படுகின்றன." குரூப்பில் இதுதான் அதிகம் வந்தது. குழந்தைகளைக் காட்டிவிட்டால் மறுபேச்சு பேச முடியாதல்லவா. என் பெண்ணுக்கு ஏழு வயது. பயப்படவில்லை, கேள்வி கேட்டாள். "அந்த மாமா ஏன் உள்ளே போனார்? மெஷின் இல்லையா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளும் இதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பயந்தது யார் என்று வீட்டுக்குள் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

"அப்போ யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாமா? சாதிப் பெருமை எழுதினால்?" இது நியாயமான கேள்வி. தென் மாவட்டங்களில் ஒரு சுவரில் பூசிய ரெண்டு கலரே ஊரைப் பிரித்துவிடும் என்று தெரியும். ஆனால் நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை. ஒரு மனிதர் சாக்கடையிலிருந்து வெளியே வருகிற படத்தைப் பற்றி. அந்தப் படத்தையும் சாதிப் பெருமையையும் ஒரே தட்டில் வைக்கிறவர்களோடு பேச எனக்குப் பொறுமை இல்லை.

"கண்ணகி நகரைப் பாருங்கள், எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள், அந்த மாதிரி செய்யலாமே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பார்த்திருக்கிறேன் தம்பி, நேரில் போய். 2020ல் தெரு ஓவியங்கள் வரையவைக்கிற ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் பெயின்ட் கம்பெனியும் மாநகராட்சியும் சேர்ந்து செய்தது. அந்த முகங்கள் பிரமாதம். அங்கே வீடு என்று சொன்னாலே வேலை கொடுக்காத ஊர் இது, படம் பார்க்கவாவது ஆட்கள் உள்ளே வந்தார்கள் என்றால் அது நல்லதுதான். ஆனால் நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தியவர்களையும் சுனாமியில் வீடு போனவர்களையும் கொண்டுபோய் விட்ட இடம் அது. யார் எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று அந்தச் சுவர்களில் எவ்வளவு சொல்ல முடிந்தது? காசு கொடுக்கிறவர் இருக்கிற வரைக்கும் ஒரு எல்லை இருக்கும். இந்திரா நகர் ரயில் நிலையத்தில் ஏ-கில், கத்ரா என்ற ஓவியர்கள் வரைந்த முகங்கள் கொஞ்சம் தாண்டிப் போயின. எச்.ஐ.வி. பற்றிய ஒதுக்கலை அவ்வளவு பெரிய சுவரில் பேச முடிந்தது. அதனால் அனுமதி வாங்கி வரைவதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகளும் அனுமதி வாங்கித்தானே வரைந்தார்கள்! அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபப்படுங்கள், பரவாயில்லை. போன மழைக்கு நம் கழிவுநீர்த் தொட்டி பொங்கியபோது இதே குரூப்பில் வந்த மெசேஜ்களை மேலே தள்ளிப் பார்த்தேன். "ஆள் வந்தானா?" "இன்னும் இறங்கலையா?" "கெஸ்ட் வர்றாங்க, சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க." இறங்கலையா என்று கேட்டிருக்கிறோம்! மனிதரை அப்படி இறக்கக்கூடாது என்று 2013லேயே சட்டம் வந்தாயிற்று. செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023ல் சொல்லியாயிற்று. இப்படிச் சாகிறவர்கள் கணக்கில் தமிழ்நாடு எப்போதும் முன்வரிசையில் நிற்கிறது. அன்றைக்கு வந்தவர் இறங்கினாரா, லாரி வைத்து உறிஞ்சினார்களா என்று எனக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் 'தேங்க்ஸ் டு கமிட்டி' என்று கும்பிடு போட்டிருக்கிறோம். அதைப் படித்த பிறகுதான் படத்தின் மேல் இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நேற்று போன் செய்தாள். "பரவால்லக்கா, வெயிலுக்கு எப்படியும் மங்கித்தான் போயிருக்கும்" என்கிறாள். எனக்குச் சமாதானம் சொல்கிறாள்! மூன்று ராத்திரி ஏணியில் நின்று வரைந்தவள். நாங்கள் யாரும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கவில்லை என்பதை அப்புறம்தான் அவள் தோழி சொன்னாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படம் வந்த அன்று என் பதிவைப் பகிர்ந்து, "பெருமையா இருக்கு அக்கா" என்று எழுதிய ஒருவர், சனிக்கிழமை அந்த க்ரீம் கலருக்கும் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார். பெயர் போட மாட்டேன். இந்தப் பதிவையும் நீங்கள் படிப்பீர்கள், அநேகமாக ஹார்ட்டும் விடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மயிலுக்கு வீட்டுக்கு எவ்வளவு என்று முடிவு செய்யப் போகிறார்களாம். என் வீட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மெயின்டனன்ஸ் பணத்தில் சத்தமில்லாமல் கழித்துக்கொண்டால், எந்தத் தலைப்பில் கழித்தீர்கள் என்று ரசீதோடு எழுதிக் கேட்பேன். கழிவுநீர்த் தொட்டிக்கு யாரைக் கூப்பிட்டீர்கள், எந்த மெஷின் வந்தது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற பில்லையும் அதே கூட்டத்தில் கேட்கப் போகிறேன். செயலாளர் சார், முன்கூட்டியே சொல்லிவிட்டேன், எடுத்து வைத்துவிடுங்கள்.