அசோசியேட் டிகிரி: சம்பளம் ஒன்றுதான், கடன்தான் வேறு

அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடலாம் என்று யோசிக்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர். எக்ஸ்ரே டெக், அல்ட்ராசவுண்ட் எடுக்கும் சோனோகிராபர், மூச்சுச் சிகிச்சை பார்க்கும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், டென்டல் ஹைஜீனிஸ்ட். எல்லாமே அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டம் இருந்தால் கிடைக்கிற வேலைகள். நான் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் இருப்பதால் கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் இதைப் பற்றி யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் சம்பளம். எந்தக் காலேஜ், எவ்வளவு கடன் என்ற பேச்சு கடைசியில்தான் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. அதுதான் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து.

சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024க்குத் தரும் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் இது. அதாவது பாதிப் பேர் இதற்கு மேல் வாங்குகிறார்கள், பாதிப் பேர் கீழே. டென்டல் ஹைஜீனிஸ்ட் சுமார் 94,000 டாலர். சோனோகிராபர் 89,000. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் 80,000. எக்ஸ்ரே டெக் 78,000. இரண்டு வருடப் படிப்புக்கு இது நல்ல சம்பளம், சந்தேகமே இல்லை. ஊருக்கு ஊர் மாறும், அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சம்பளத்தை முடிவு செய்வது நீங்கள் படித்த காலேஜ் இல்லை. எங்கள் பிரிவில் காலை ஷிப்டுக்கு வரும் இரண்டு பெண்களைச் சொல்கிறேன். இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் மிடில்செக்ஸ் போன்ற ஒரு கவுண்டி காலேஜில் (உள்ளூர் அரசுக் கல்லூரி, கம்யூனிட்டி காலேஜ் என்பதும் இதுதான்) படித்தவர், இன்னொருவர் லாப நோக்கில் நடக்கும் ஒரு தனியார் பள்ளியில். மணிச் சம்பளம் ஒன்றேதான். போர்ட்டபிள் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஐ.சி.யூ.வுக்குப் போய், வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளியின் முதுகுக்கு அடியில் டியூப் எதுவும் இழுபடாமல் பிளேட்டை வைப்பதிலும் இருவரும் கெட்டிக்காரர்கள். எங்கே படித்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எக்ஸ்ரே டெக்குகளைப் பதிவு செய்யும் ஏ.ஆர்.ஆர்.டி. அமைப்பின் தேர்வு எழுதி வாங்கிய ஆர்.டி. என்ற இரண்டெழுத்து அடையாள அட்டையில் இருக்கிறதா, அதுதான் கேள்வி. ஆனால் மாதா மாதம் கடனுக்குப் போகிற பணத்தில் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கவுண்டி காலேஜில் படித்தவர் வேலைக்கு வந்த சில மாதங்களிலேயே கடனை முடித்துவிட்டார். இன்னொருவர் வார இறுதியில் இன்னோர் இடத்தில் வேலை பார்த்துத் தவணை கட்டுகிறார்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். காலேஜ் போர்டு கணக்குப்படி 2024-25இல் கம்யூனிட்டி காலேஜில் உள்ளூர்வாசிகளுக்கான சராசரிக் கட்டணம் வருடத்துக்கு 4,050 டாலர். வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் கிடைக்கும் பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை வருடத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர், அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். நியூ ஜெர்சியில் குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் இருந்தால் கட்டணத்தை மாநிலமே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. லாப நோக்கில் நடக்கும் பள்ளிகளிலோ மொத்தம் 40,000, 50,000 என்று போகிறது.

30,000 டாலர் கடனை 6.5 சதவீத வட்டியில் பத்து வருடம் கட்டினால் மாதம் சுமார் 340 டாலர். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 11,000. அதுவே இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணமான சுமார் 8,000 டாலர் மட்டும் கடன் என்றால் மாதம் 90 சொச்சம்தான். வேலையும் சம்பளமும் மாறவில்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு மத்திய அரசு அவர் பெயரில் தரும் கடன் முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500 டாலர். இதுதான் உச்சவரம்பு. காலேஜ் 45,000 கேட்டால் மிச்சத்துக்கு அவர்கள் கைகாட்டுவது தனியார் கடன் அல்லது அப்பா அம்மா பெயரில் எடுக்கும் கடன். தனியார் கடனில் வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைக்கும் அரசுத் திட்டங்கள் எதுவும் செல்லாது. மகளின் படிப்புக்கு அப்பா கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் அப்பாவின் கடன்தான். ஐம்பது வயதில் இதைச் சுமக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் காலேஜ் வாரியாகவும், பல படிப்புகளுக்குப் படிப்பு வாரியாகவும் சம்பளமும் கடனும் போட்டிருக்கும். நல்ல தளம், கட்டாயம் பாருங்கள். ஆனால் அந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதில் அலைடு ஹெல்த் என்ற தலைப்பின் கீழ் பல படிப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே, சோனோகிராபி, ரெஸ்பிரேட்டரி, ஆபரேஷன் தியேட்டர் டெக், ஆம்புலன்ஸ் பாராமெடிக் எல்லாம் ஒரே குறியீட்டில் வரும். ஒரு காலேஜில் பாராமெடிக் மாணவர்கள் அதிகம் இருந்தால் அங்கே சம்பளம் குறைவாகத் தெரியும். சோனோகிராபி மட்டும் நடத்தும் காலேஜ் பிரமாதமாகத் தெரியும். அது காலேஜின் தரம் இல்லை, கலவை. அப்புறம், அங்கே காட்டும் கடன் படித்து முடித்தவர்களின் அரசுக் கடன் மட்டும். தனியார் கடன் அதில் இல்லை. பாதியில் நின்றவர்களும் இல்லை. பாதியில் நின்றவர்தான் இந்த விஷயத்தில் நிஜமாகவே மாட்டிக்கொள்பவர். டிகிரி கையில் இருக்காது, கடன் மட்டும் இருக்கும்.

மெடிக்கல் அசிஸ்டெண்ட் படிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வேலையின் நடுமட்டச் சம்பளம் சுமார் 44,000 டாலர். அதற்கு அசோசியேட் டிகிரி தேவையே இல்லை, சான்றிதழ் படிப்பு போதும். இதற்குப் போய் இருபதாயிரம், முப்பதாயிரம் கடன் வாங்காதீர்கள். இப்படிப்பட்ட படிப்புகளை டிவி விளம்பரம் போட்டு விற்ற எவரெஸ்ட் கல்லூரிகளை நடத்திய கொரிந்தியன் நிறுவனம் 2015இல் இழுத்து மூடப்பட்டது. அங்கே படித்த சுமார் 5.6 லட்சம் பேரின் 580 கோடி டாலர் கடனை ரத்து செய்வதாக அரசு அறிவித்தது 2022இல். நடுவில் ஏழு வருடம்! அந்த ஏழு வருடம் தவணையும் வசூல் ஏஜென்சி போனுமாக எத்தனை குடும்பங்கள் அல்லாடியிருக்கும்.

அங்கீகாரத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. எங்கள் காலேஜ் அங்கீகாரம் பெற்றது என்று எல்லோரும்தான் சொல்வார்கள். அது காலேஜுக்கான அங்கீகாரம். நீங்கள் கேட்க வேண்டியது படிப்புக்கான அங்கீகாரம். எக்ஸ்ரே என்றால் ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி., ரெஸ்பிரேட்டரி என்றால் கோ.ஏ.ஆர்.சி., சோனோகிராபி என்றால் சி.ஏ.ஏ.எச்.இ.பி., டென்டல் ஹைஜீன் என்றால் கோடா. சோனோகிராபியில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். படிப்புக்கான அங்கீகாரம் இல்லாத இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, முடித்த கையோடு பதிவுத் தேர்வுக்கு உட்கார முடியாமல் அலைகிறார்கள்.

"கம்யூனிட்டி காலேஜில் இடம் கிடைக்க வெயிட்டிங் லிஸ்ட் இருக்கிறதே, ஒரு வருடம் காத்திருந்தால் ஒரு வருடச் சம்பளம் போச்சே" என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. எழுபதாயிரம் சம்பளத்தை ஒரு வருடம் முன்னதாக வாங்க முப்பதாயிரம் கூடுதலாகச் செலவழித்தால் கணக்கில் லாபம்தான். ஆனால் அந்தக் கணக்கு படிப்பை முடித்து, முதல் முயற்சியிலேயே தேர்வில் தேறி, உடனே வேலை கிடைத்தவருக்குத்தான் பொருந்தும். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அங்கீகாரம் பெற்ற எக்ஸ்ரே படிப்புகள் எத்தனை சதவீதம் பேர் முடித்தார்கள், எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை வெளியிட்டே ஆக வேண்டும். மூன்றும் நன்றாக இருந்து, உங்கள் ஊரில் காத்திருப்பு நிஜமாகவே நீளம் என்றால் தனியாரில் சேருவதை நான் தடுக்க மாட்டேன். இல்லையென்றால் காத்திருக்கும் காலத்தில் அனாட்டமி, பிசியாலஜி போன்ற முன்தேவைப் பாடங்களை முடியுங்கள், பக்கத்துக் கவுண்டிகளிலும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

இரண்டு வருடப் படிப்பு என்பது பெயரளவில்தான். முன்தேவைப் பாடங்களோடு சேர்த்தால் மூன்று வருடம் ஆகிவிடும். கிளினிக்கல் நாட்களில் காலையிலிருந்து மாலை வரை ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும், பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சின்னக் குழந்தை இருந்தால் டே கேர் செலவு காலேஜ் கட்டணத்தையே தாண்டிவிடும். இந்தச் செலவு எந்தக் காலேஜின் கட்டணப் பட்டியலிலும் இருக்காது.

கடைசியாக, கணவர் எச்1பி வேலை விசாவில் இருக்க, மனைவிக்கான எச்4 விசாவில் இருக்கும் சகோதரிகளுக்கு. படிக்கத் தடை இல்லை, ஆனால் மத்திய அரசின் கடனும் பெல் கிராண்டும் உங்களுக்குக் கிடையாது. வேலை பார்க்க இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். அது பெரும்பாலும் கணவரின் கிரீன் கார்டுக்காகப் போடும் ஐ-140 மனு அனுமதியான பிறகுதான் கிடைக்கும், கணவரின் விசாவை ஒட்டியே நிற்கும். அவர் வேலை போனால் அதுவும் ஆட்டம் காணும். அப்போது உங்கள் டிகிரியை வைத்து எச்1பி வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். எச்1பி பொதுவாக இளங்கலைப் பட்டம் கேட்கும் வேலைக்குத்தான், அசோசியேட் டிகிரி வேலைகள் அதில் வராது. அதனால் கிரீன் கார்டு வரும்வரை இந்தப் படிப்புக்கு ஒரு டாலர்கூடத் தனியார் கடன் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கவுண்டி காலேஜில் செமஸ்டருக்கு ஒன்றிரண்டு பாடமாகக் கையில் இருக்கும் பணத்தைக் கட்டிப் படியுங்கள். சேருவதற்கு முன் எச்4க்கு உள்ளூர்க் கட்டணமா, வெளியூர்க் கட்டணமா என்று அட்மிஷன் அலுவலகத்தில் இமெயிலிலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.