ஜாருக்குள் இருப்பது ஃபைல் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் நிரலாளர் கூட்டத்தில் ஒரு மாணவியின் செயலி மேடையில் ஓடாமல் போய், அரங்கம் சிரித்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று. நான் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்று ராத்திரி அந்த வீடியோத் துண்டை ஒருவர் சிரிக்கும் பொம்மையோடு எனக்கே அனுப்பிவைத்தார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த மாணவி ஜாவா மொழியில் எழுதிய செயலி அவளுடைய லேப்டாப்பில் நன்றாக ஓடியது. அரங்கத்துக் கணினியில் ஜன்னல் திறந்தது, பொத்தான்கள் வந்தன, குழந்தைகளுக்கான சொற்கள் வரவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அவள் மூடிவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் வெள்ளை. அப்போதுதான் நம் மூத்தவர் மைக்கை வாங்கி, "ஒரு ஃபைலுக்குப் பாத் கொடுக்கத் தெரியாமலே மேடைக்கு வந்துடறாங்க" என்றார். அரங்கம் சிரித்தது.

அவள் பாத், அதாவது ஃபைல் இருக்கும் இடத்தின் பாதை, ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தாள். பாத் கொடுத்ததுதான் தப்பு.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது என் எண்ணம். ஜாவா ப்ராஜெக்டில் சொற்பட்டியல், படம், ஃபாண்ட் எல்லாவற்றையும் எஸ்ஆர்சி, மெயின், ரிசோர்சஸ் என்று போகும் ஃபோல்டருக்குள் வைக்கிறோம். நிரலில் அதே பாதையை எழுதி ஃபைலைத் திறந்தால், நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇ-க்குள் ஓட்டும்வரை திறக்கும். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டுகிறோம், அதனால். மேவன் என்ற கருவி செயலியை ஜார் என்ற ஒரே பொதியாகக் கட்டும்போது ரிசோர்சஸ் ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் எடுத்து ஜாரின் வேருக்கு, அதாவது மேல்மட்டத்துக்கு, கொண்டுபோய்விடும். எஸ்ஆர்சி என்ற ஃபோல்டரே அங்கே கிடையாது. அதைவிட முக்கியம், ஜார் என்பது ஒரு ஸிப். அதற்குள் இருக்கும் சொற்பட்டியல் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கண்ணுக்கு ஃபைலே இல்லை. ஸிப்புக்குள் சுருட்டி வைத்த ஒரு துண்டு. அதற்கு முகவரி கேட்டால் ஜாவா நடுவில் ஆச்சரியக்குறி போட்ட ஒரு யூஆர்எல் கொடுக்கும். அதைக் கொண்டுபோய் ஃபைல் ஆப்ஜெக்டாக மாற்றப் பார்த்தால் 'யூஆர்ஐ ஈஸ் நாட் ஹைரார்கிக்கல்' என்று எக்செப்ஷன், அதாவது பிழை, விழும். அந்த வரியைப் பார்த்து எத்தனை பேர் ராத்திரி முழித்திருக்கிறோம்?

ஜாருக்குள் இருப்பது ஃபைல் இல்லை. கெட் ரிசோர்ஸ் ஆஸ் ஸ்ட்ரீம் என்ற ஜாவா கட்டளையால் கேட்டு ஸ்ட்ரீமாக, அதாவது தொடர்ந்து வரும் பைட்டுகளாக, வாங்க வேண்டும். இந்த வசதி 1997-இல் வந்த ஜாவாவின் ஜேடிகே 1.1 பதிப்பிலேயே உண்டு. ஆனால் நான் பார்த்த வகுப்புகளில் சாதாரண ஃபைலைப் படிக்கும் ஃபைல் ரீடரோடு பாடம் முடிந்துவிடுகிறது. செயலியை ஜாராகக் கட்டி இன்னொருவர் கணினியில் ஓட்டிப் பார் என்று அவளிடம் யாராவது ஒரு தடவை சொல்லியிருந்தால் இது மேடையில் நடந்திருக்காது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன்.

2014-இல் திண்டுக்கல்லில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். பில் தமிழில் வரவேண்டும் என்பது கடைக்காரரின் ஒரே நிபந்தனை. தமிழ் ஃபாண்டை ரிசோர்சஸில் வைத்து, இப்படியேதான், பாதை எழுதித் திறந்தேன். ஃபாண்ட் கிடைக்காவிட்டால் வழக்கமான ஃபாண்டைப் போட்டுக்கொள் என்று பிழையைப் பிடிக்கும் ஒரு கேட்ச் வேறு, நடந்ததைக் குறித்துவைக்கும் லாக்கில் ஒரு வரிகூட எழுதாமல். கடையில் முதல் பில் வந்தது. எண்கள் சரி, கூட்டல் சரி, சரக்கின் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டம். பெரியவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தம்பி, சுக்கும் கட்டம், திப்பிலியும் கட்டம். எது எதுன்னு நான் எப்படிக் கட்டிக் கொடுக்கறது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். "இதுகூடத் தெரியாதா?" என்றார் என் சீனியர். வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

கடை வாசலில் உட்கார்ந்து தேடித் தேடி கெட் ரிசோர்ஸ் ஆஸ் ஸ்ட்ரீமைக் கண்டுபிடித்தேன். மாற்றினேன். என் லேப்டாப்பில் வந்தது. ஜாராகக் கட்டினால் மறுபடி கட்டம். மாலை ஆகிவிட்டது, கடையில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். கடைசியில் ஜாரை ஸிப்பாகத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது தெரிந்தது: ஃபாண்ட் பெயரின் கடைசி மூன்று எழுத்து பெரிய எழுத்தில் இருக்கிறது, நான் நிரலில் சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறேன். விண்டோஸ் ஃபோல்டர் அந்த வித்தியாசத்தைப் பார்க்காது, ஜார் பார்க்கும். அதுவும் இல்லை என்று கத்தாது. பேசாமல் 'நல்' என்று ஒரு வெறுமையைக் கொடுத்துவிட்டுப் போகும். மூன்று எழுத்துக்காக ஒரு பகல் முழுக்க அந்தப் பெரியவரைக் காக்க வைத்தேன். அவர் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார்.

அதனால் 'இது பேஸிக்' என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. எந்த ஊர் பேஸிக்? ரிசோர்ஸை நிரலின் ஒரு கிளாஸிடம் கேட்டால் முன்னால் சாய்கோடு போட்டால்தான் வேரிலிருந்து தேடும், போடாவிட்டால் அந்தக் கிளாஸ் இருக்கும் பேக்கேஜுக்குள் தேடும். கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ் லோடரிடம் கேட்டால் சாய்கோடே போடக் கூடாது. மேவனில் ஃபைலுக்குள் இடக்குறிகளை மாற்றிப் போடும் ஃபில்டரிங்கை எல்லா ரிசோர்ஸுக்கும் போட்டுவிட்டால் ஃபாண்ட் ஃபைல் கெட்டுப்போகும். இன்னொரு நிரல்மொழியான கோவின் 1.0 பதிப்பு 2012-இல் வந்தது. ரிசோர்ஸை நிரலோடு சேர்த்துக் கட்டும் எம்பெட் வசதி 2021-இல், 1.16-இல்தான் மொழியோடு வந்தது. அதுவரை ஆளுக்கொரு கருவி வைத்துச் சமாளித்தார்கள். மொழியை உருவாக்கியவர்களே இவ்வளவு வருஷம் எடுத்துக்கொண்ட விஷயத்தை மூன்றாம் வருட மாணவி பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டுமா?

"டாக்குமென்டேஷனில் இருக்கிறதே, படிக்க வேண்டியதுதானே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தேடுவதற்கு முதலில் என்ன பெயர் சொல்லித் தேடுவது என்று தெரிய வேண்டும். பிரச்சினை ஃபைலில் இல்லை, ரிசோர்ஸில் இருக்கிறது என்று தெரியாதவர் எந்தப் பக்கத்தைப் போய்ப் படிப்பார்?

"ஜாருக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டர் வைத்துக் கொடுத்தால் முடிந்தது" என்பதை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். கடையின் பெயர், லோகோ, வரி விகிதம் போல வாங்கியவர் பிறகு மாற்ற வேண்டியவை வெளியேதான் இருக்க வேண்டும். அது நல்ல வழக்கம். ஆனால் சொற்பட்டியலும் ஃபாண்டும் செயலியின் உடம்பு. அதை வெளியே வைத்தால் ஒருவர் ஜாரை மட்டும் பென் ட்ரைவில் காப்பி செய்துகொண்டு போவார், மறுபடி வெள்ளைத் திரைதான்.

டீ இடைவேளையில் அவளோடு உட்கார்ந்தேன். ஒரே வரியை மாற்றினோம், சொற்கள் வந்தன. வந்தவை தமிழாக இல்லை. மேலே புள்ளியும் கொக்கியும் வைத்த லத்தீன் எழுத்துகள். அவள் முகம் மறுபடி விழுந்தது. அரங்கத்துக் கணினி விண்டோஸ், ஜாவா 17. என்கோடிங், அதாவது எழுத்துகளை எண்களாக வைக்கும் முறை, எது என்று சொல்லாமல் படித்தால் விண்டோஸின் சொந்த என்கோடிங்கில் படிக்கும். அவளுடைய உபுண்டு லினக்ஸில், தமிழும் அடங்கிய யூடிஎஃப்-8 என்கோடிங் இயல்பாகவே இருந்ததால் அங்கே தெரியவில்லை. எங்கும் யூடிஎஃப்-8 என்று ஜாவா மாறியது 2022 மார்ச்சில் வந்த 18-ஆம் பதிப்பில்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "ரீடர்ல யூடிஎஃப்-8னு சொல்லிட்டா போதுமா சார்?" என்று அவளே கேட்டாள். கேட்டுக்கொண்டே தட்டினாள். 'அணில்' என்று வந்தது. அடுத்தது 'ஆமை'. மொத்தம் பன்னிரண்டு நிமிஷம்.

இந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை மைக் பிடித்தவர் கொடுத்திருக்கலாம். அவருக்கு இது தெரியும். நம்மில் பலருக்கு ஜாவா சொல்லிக் கொடுத்தவரே அவர்தான், எனக்கும்தான். அதனால்தான் வலிக்கிறது. தெரியாதவர் சிரித்திருந்தால் விட்டிருப்பேன்.

"கூட்டம் நடத்துவதே பெரிய பாடு, ஒரு வார்த்தைக்கு இவ்வளவா" என்று கேட்பீர்கள். பாடுதான், நாற்காலி போடுவதில் நானும் இருந்தேன். ஆனால் இடைவேளைக்குப் பிறகு செயலி ஓடியதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. சுற்றிக்கொண்டிருப்பது வெள்ளைத் திரை மட்டும். அதை நீக்கச் சொல்லி அவள் திங்கட்கிழமை கேட்டிருக்கிறாள், இன்னும் நீக்கவில்லை. நம் கூட்டத்துக்கு ஏன் பெண்கள் வருவதில்லை என்று வருஷா வருஷம் பேசுகிறோமே, இந்த வீடியோவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்த மாதம் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை அவளுக்குக் கொடுத்துவிடும்படி இன்று காலை எழுதிவிட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை லேப்டாப் கொண்டுவரப் போவதில்லையாம், பென் ட்ரைவில் அந்த ஒரு ஜார் மட்டும்.