துருப்பிடித்த குழாய்க்கு ஊரைத் திட்டாதீர்கள்

ரம்ஜானோ கிறிஸ்துமஸோ வந்தால் போதும், அந்த விளம்பரமும் வந்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கிராமம், புது அடிபம்பு, சுற்றிலும் சிரிக்கும் பிள்ளைகள். “மறைந்த உங்கள் பெற்றோர் பெயரில் ஒரு கிணறு.” கொடுக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பம்பு நின்றுபோன பிறகு சொல்கிறார்களே ஒரு காரணம், அதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது.

பம்புகள் நின்றுபோவது உண்மைதான். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் கைப்பம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஓடவில்லை என்றது 2009 வாக்கில் வந்த மதிப்பீடு. பின்னால் வந்த கணக்கு நாலில் ஒன்று என்கிறது. உடனே தீர்ப்பு: “ஊர்க்காரர்களுக்குப் பொறுப்பு கிடையாது, பராமரிக்கத் தெரியாது.”

சரி, பம்பைக் கழற்றித்தான் பார்ப்போமே. அங்கே பரவலாக நிற்கும் ‘இந்தியா மார்க் 2’ நமக்கு அந்நியமல்ல. 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவாகி, கோவைப் பக்கம் போர்வெல்களில் சோதித்து, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் தயாரானது. மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா அதைக் கொஞ்சம் மாற்றி, தான் அங்கீகரித்த நாலு வகைப் பம்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பம்பு நல்ல பம்புதான். சிக்கல் கீழே இறங்கும் ஜி.ஐ. குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5க்குக் கீழே போனால் (குறையக் குறைய அமிலம் கூடுதல்) குழாயின் துத்தநாகப் பூச்சு தாங்காது, இரும்பு கரைய ஆரம்பிக்கும். காலையில் முதல் குடம் செம்பழுப்பாக வரும். துவைத்த துணியில் கறை, சமைத்த சோற்றில் நிறமாற்றம், வாயில் இரும்பு வாடை. பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பிப் போகிறார்கள். இதை ‘விழிப்புணர்வுக் குறைவு’ என்று எழுதுகிறவர் அந்தத் தண்ணீரில் தன் வெள்ளைச் சட்டையை ஒருமுறை நனைத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் குழாயில் ஓட்டை விழும், மரை அரித்து அறுந்தால் குழாய் மொத்தமும் கிணற்றுக்குள் போய்விடும். மார்க் 2 பம்பில் வாஷர் மாற்றவே எல்லாக் குழாயையும் மேலே தூக்க வேண்டும், அதற்கு ஆளும் வேண்டும், கருவியும் வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று சில்லறை வசூலிக்கும் ஊர்த் தண்ணீர்க் கமிட்டி முப்பது மீட்டர் குழாய்க்கு எங்கே போகும்?

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1994லேயே அறிக்கையாக வந்துவிட்டது. அமில நீரில் ஜி.ஐ. வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பிளாஸ்டிக்கோ போடுங்கள் என்பதுதான் அதன் சாரம். இத்தனை வருஷம் கழித்தும் ஜி.ஐ. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. விலை குறைவு, கிணற்று எண்ணிக்கை கூடும், கல்வெட்டும் நிறைய வைக்கலாம்.

தண்ணீரைச் சோதிக்காமல் தோண்டுவதில் இன்னொரு வினையும் உண்டு. வட கானாவில் போங்கோ மாவட்டத்துப் பாறையில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறின, சில கிணறுகளை மூடவே வேண்டியதாயிற்று.

தர்மப் பணம் வீண் என்று நான் சொல்லவில்லை. அதே கானாவில் 1989இல் ஏறக்குறைய 1,80,000 பேருக்குக் கினிப்புழு இருந்தது; அசுத்தமான குட்டை நீரைக் குடிப்பதால் உடம்புக்குள் வளரும் புழு அது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய கார்ட்டர் மையமும் அரசும் ஊர்த் தொண்டர்களும் வடிகட்டும் துணியோடு வருஷக்கணக்கில் வீடு வீடாக அலைந்தார்கள். 2010க்குப் பிறகு அங்கே அந்த நோய் பரவவில்லை. 2015இல் உலக சுகாதார நிறுவனம் நோய் ஒழிந்துவிட்டதென்று சான்றிதழும் கொடுத்தது. திறப்பு விழாவோடு கிளம்பிப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

எனவே பணம் அனுப்பும் முன் கேளுங்கள்: பி.எச். எவ்வளவு, என்ன குழாய், மூன்றாம் வருஷம் கெட்டால் யார் வருவார், யார் காசு? பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். நல்ல குழாய் போட்டால் அஞ்சு கிணற்றுக் காசில் மூணுதான் வரும் என்பார்கள். மூணே போடுங்கள்.