ஃபிராங்கோவின் கிட்டாரைப் பற்றி இன்னும் கொஞ்சம்

காங்கோவின் ஓகே ஜாஸ் இசைக்குழுவை நடத்திய ஃபிராங்கோ லுவாம்போவைப் பற்றிய இந்தக் கட்டுரை, அந்நாட்டுச் சர்வாதிகாரி மொபுட்டுவுக்காக அவர் பாடிய பிரசாரப் பாடல்களிலேயே பாதி இடத்தைச் செலவழித்துவிட்டது. அவர் பாடியது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆட்சி 1978இல் பாடல்கள் ஆபாசம் என்று அவரைச் சிறையிலும் அடைத்ததே! அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், இசை எங்கே? சந்தையில் பலகாரம் விற்ற அம்மாவின் கடைக்கு ஆள் சேர்க்க, தானே செய்த கிட்டாரை வாசித்த பையன் அவர். 1956இல் குழு தொடங்கியபோது பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. அவர்களுடைய பாட்டு முதலில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். பிறகு குரல்கள் ஒதுங்க, கிட்டார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆட வைக்கும். 'செபென்' என்ற அந்தப் பகுதியில் ஃபிராங்கோ ஒரே சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப மீட்டுவார், சலிக்கவே சலிக்காது. அவர் பாடிய லிங்காலா மொழி தெரியாத எனக்கே அப்படி! கிட்டார் கலைஞர் சிமாரோ, பாடகர் சாம் மாங்வானா போன்றவர்களும் அந்தக் குழுவில் இருந்தவர்கள்தான். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. 1987இல் எய்ட்ஸ் பற்றி எச்சரித்து ஃபிராங்கோ பாடிய நீண்ட பாடலையாவது கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.