மை50 அட்டையில் கொமியூட்டர் ஏற முடியுமா? முடியாது

"பத்தாங் காலி மக்களே, 50 ரிங்கிட் கட்டி மை50 எடுத்தால் கொமியூட்டர் ரயிலில் மாதம் முழுக்க ஏறி இறங்கலாம்" என்று ஒரு செய்தி தோட்டத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

மை50 என்பது கோலாலம்பூர் வட்டாரத்தில் ஓடும் ரேபிட் கேஎல் ரயில், பஸ் சேவைகளுக்கான 30 நாள் பாஸ். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் ஆகிய நகர ரயில்கள், சன்வே பிஆர்டி பஸ், ரேபிட் கேஎல் பஸ்கள் எல்லாம் அதில் அடங்கும். அவை பிரசரானா நிறுவனத்தின் கீழ் வருபவை. நம் ஊர் வழியாகத் தஞ்சோங் மாலிமுக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் ஓடும் கொமியூட்டரோ வேறு நிறுவனமான கேடிஎம்முடையது (மலாயா ரயில்வே).

குழப்பம் வருவது, முன்கூட்டியே காசு போட்டு வைத்துக் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையால். பாஸை ஏற்றுவது அதில்தான். அதே அட்டையைக் கொமியூட்டர் கதவில் தட்டினாலும் திறக்கிறது. உடனே "பார்த்தீங்களா, வேலை செய்யுது!" என்று குழுவில் ஒருவர் போட்டுவிடுகிறார். கதவைத் திறந்தது பாஸ் அல்ல, அட்டையில் இருந்த காசு. இறங்கும் நிலையத்தில் தட்டும்போது திரையில் தெரியும் மீதியைக் கவனியுங்கள், குறைந்திருக்கும்.

சரி, அப்போ நமக்கு மை50 வீணா? கேஎல் சென்ட்ரலில் இறங்கி, தினமும் எல்ஆர்டி பிடித்து வேலைக்குப் போகிறவருக்கு லாபம்தான், அந்த இரண்டாம் பாதிக்கு மட்டும். ரவாங் வரை போய்த் திரும்புகிறவருக்கு ஒரு காசும் மிஞ்சாது.

இன்னொன்று: பாஸ் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும், மைகார்டு (அடையாள அட்டை) காட்டித்தான் வாங்க வேண்டும். அப்பா பெயரில் எடுத்ததை மகன் தட்டக் கூடாது. 60 வயதைத் தாண்டிய அப்பாவுக்குக் கொமியூட்டரிலேயே பாதிக் கட்டணச் சலுகை உண்டு, முகப்பில் கேளுங்கள்.