அண்ணன் போட்ட வேலியும் கேம்ப் போட்ட வேலியும்

கல்ட், அதாவது ஒரு தலைவரையோ நம்பிக்கையையோ பிடித்துக்கொண்டு ஒதுங்கி வாழும் கூட்டம், பற்றிய படம் என்றால் நமக்குள் ஒரு அச்சு இருக்கிறது. நீள அங்கி, மெழுகுவர்த்தி வட்டம், இமைக்காமல் பேசும் தலைவர், கடைசி அரை மணி நேரத்தில் பலி. 2017-இல் வந்த ‘தி எண்ட்லெஸ்’ படத்தில் இப்படி எதையும் தேடாதீர்கள். அதில் கல்ட் என்று சொல்லப்படும் ‘கேம்ப் ஆர்கேடியா’வில் இருப்பவர்கள் பீர் காய்ச்சி விற்றுப் பிழைக்கிறார்கள். வயிறு நிறைய நல்ல சாப்பாடு போடுகிறார்கள். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறார்கள். கிளம்புகிறேன் என்றால் யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அதனால்தான்.

கதையை முக்கால்வாசி சொல்லப்போகிறேன். கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ட்விஸ்ட் தெரிந்தால் சப்பென்று போகிற ரகம் இல்லை இது. நான் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அதிகமாகப் பயந்தேன்.

ஜஸ்டின், ஆரன் என்று அண்ணன் தம்பி. சிறு வயதில் தாய் கார் விபத்தில் இறந்துபோக, பக்கத்தில் இருந்த கேம்ப்காரர்கள்தான் இருவரையும் எடுத்து வளர்த்தார்கள். வளர்ந்ததும் அண்ணன் தம்பியைக் கூட்டிக்கொண்டு தப்பித்தான். அது நடந்து பத்து வருடம். இப்போது இருவரும் வீடுகளைச் சுத்தம் செய்து சம்பாதிக்கிறார்கள். கையில் காசு நிற்பதில்லை, நண்பர்கள் இல்லை, காதலி இல்லை, பாக்கெட் நூடுல்ஸ்தான் சாப்பாடு. தப்பித்தவனுக்குக் கிடைத்த சுதந்திரம் இதுதான். அப்போது கேம்ப்பிலிருந்து ஒரு வீடியோ கேசட் தபாலில் வருகிறது. கூட்டாகத் தற்கொலை செய்துகொள்ளப் போகிறார்கள், அதன் விடைச்செய்திதான் இது என்கிறான் அண்ணன். தம்பிக்கோ அந்த முகங்களைப் பார்த்ததும் ஏக்கம் வந்துவிடுகிறது. ஒரே ஒரு நாள் போய்விட்டு வரலாம் என்கிறான்.

இந்தக் கேசட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் டியேகோ பக்கம் கேசட், வேற்றுக்கிரகம், கூட்டுச் சாவு என்று பேச்சு எடுத்தால் யாருக்கும் ‘ஹெவன்ஸ் கேட்’ என்ற நிஜக் கல்ட் நினைவுக்கு வரும். 1997 மார்ச் மாதம் ராஞ்சோ சாண்டா ஃபே என்ற பணக்காரப் பகுதியில், வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய பங்களாவில் தலைவர் மார்ஷல் ஆப்பிள்வைட்டையும் சேர்த்து 39 பேர் இறந்து கிடந்தார்கள். ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தின் பின்னால் ஒரு விண்கலம் வருகிறது, உடம்பை விட்டால் அதில் ஏறிக்கொள்ளலாம் என்பது நம்பிக்கை. அவர்களில் பலர் இணையதளம் வடிவமைத்துக் கொடுத்துச் சம்பாதித்தவர்கள். சில ஆண்கள் தாங்களே விரும்பி ஆண்மை நீக்கம் செய்துகொண்டிருந்தார்கள். கேமரா முன்னால் சிரித்துக்கொண்டே விடைபெற்றுப் பதிவு செய்திருந்தார்கள். சில வாரங்களுக்கு முன் குழுவை விட்டு வெளியேறியிருந்த ஒருவருக்கு அந்த கேசட்டுகள் பார்சலில் வந்தன. அவர் போய்ப் பார்த்த பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

அதாவது படத்தின் அண்ணன் பயப்படுவது வீண் பயம் இல்லை. கதை நடக்கும் பக்கமே நிஜமாக நடந்த சம்பவம் அது. படம் இதை நன்றாகப் பயன்படுத்துகிறது. தப்பித்து வந்தபோது அண்ணன் பத்திரிகைக்காரர்களிடம் கேம்ப்பைப் பற்றி ஆண்மை நீக்கம் செய்யும் சாவுக் கூட்டம் என்று அடித்துவிட்டிருக்கிறான். பொய். தம்பி திரும்பிப் போய்விடக் கூடாதே என்ற பயம் அதில் இருந்தது, கவனிக்கப்படும் ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கலாம். தம்பி பத்து வருடமாக அந்தப் பொய்யை நம்பி, தன் சிறுவயதையே அருவருத்து வாழ்ந்திருக்கிறான். உண்மை தெரிகிறபோது அவன் முகம் மாறும் இடம்தான் எனக்குப் படத்தின் உச்சம். வானத்தில் தெரியும் அதிசயங்கள் எல்லாம் எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

அதிசயங்களுக்கும் குறைவில்லை. பத்து வருடத்தில் கேம்ப்பில் யாருக்கும் ஒரு வயதுகூட ஏறவில்லை. ஒருவன் பந்தை மேலே எறிகிறான், அது வெகுநேரம் கீழே வரவில்லை. இருட்டு வானத்திலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது. அதைப் பிடித்து இழுக்கச் சொல்கிறார்கள், மறுமுனையில் ஏதோ ஒன்று திருப்பி இழுக்கிறது. மறுமுனையைப் படம் கடைசிவரை காட்டவே இல்லை. இந்தக் கயிற்றுக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு கயிறு, நாலு நடிகர்கள், இருட்டு. கோடிக் கணக்கில் கிராஃபிக்ஸ் செய்த எந்தப் பூதமும் எனக்கு இந்தக் கயிறு கொடுத்த நடுக்கத்தைக் கொடுத்ததில்லை.

பிறகு மெல்ல மெல்லப் புரிகிறது. அந்த மலைப்பகுதியில் ஏதோ ஒரு சக்தி இருக்கிறது. தன் எல்லைக்குள் சிக்கியவர்களை ஒரு காலச்சுழலில் போட்டு வேடிக்கை பார்க்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு. கூடாரத்துக்குள் ஒரு பழைய காலத்து மனிதனுக்குச் சில வினாடிகள்தான், அலறி முடிப்பதற்குள் மறுபடி முதலிலிருந்து. இன்னொருவன் தூக்கில் தொங்கும் தன் பிணத்தையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறான். கேம்ப்காரர்களின் சுழல் பத்து வருடம். அவர்களுக்கு அது தெரியும். தெரிந்தேதான் இருக்கிறார்கள். வயசாகாது, நோய் வராது, வாடகை கிடையாது, பிடித்தவர்களுடன் பத்து வருடம், முடிவில் ஒரு சாவு, மறுபடி அதே பத்து வருடம்.

தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்கிறான். அவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே அவன் வாழ்ந்ததும் சுழல்தானே? காலையில் எழுந்து அடுத்தவன் வீட்டைத் துடைத்து, ராத்திரி நூடுல்ஸ் தின்று தூங்குவது. அதில் ஒரு முடிவையாவது அவனை எடுக்க விட்டானா அண்ணன்? என்ன சாப்பிடுவது, எதில் காசு போடுவது, யாரை நம்புவது, எல்லாம் ‘நீ சின்னப் பையன், உனக்குத் தெரியாது’ கணக்குதான். நம்மூரில் அண்ணனோ அக்காவோ உள்ளவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

படம் தொடங்கும்போது திரையில் இரண்டு மேற்கோள்கள் வரும். ஒன்று திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டுடையது, தெரியாததைக் கண்டு வரும் பயத்தைப் பற்றி. இன்னொன்று பெயர் போடாதது. நண்பர்கள் மனதில் உள்ளதை அவ்வப்போது சொல்லிக்கொள்வார்கள், உடன்பிறந்தவர்கள் அதைச் சாவுப்படுக்கை வரை தள்ளிப்போடுவார்கள் என்ற பொருளில். விமர்சனம் எழுதுகிறவர்கள் முதல் மேற்கோளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் படத்தின் சாவி. பூதம் இல்லாவிட்டாலும் இந்த இருவரும் வாய் திறக்காமலேயே இன்னும் முப்பது வருடம் ஓட்டியிருப்பார்கள்.

இது சினிமாவோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதற்கு, தென் அமெரிக்காவின் கயானாவில் ஜிம் ஜோன்ஸ் என்ற கல்ட் தலைவரின் ஆட்கள் குடியேறிய ஜோன்ஸ்டவுனைப் பார்க்கலாம். லாரி லேட்டன் 1968-இல் ஜிம் ஜோன்ஸின் ‘பீப்பிள்ஸ் டெம்பிள்’ இயக்கத்தில் சேர்ந்தார். சில வருடங்கள் கழித்துத் தங்கை டெபோராவும் சேர்ந்தார். தாயும் உள்ளேதான். 1978 மே மாதம் டெபோரா கயானாவிலிருந்து தப்பி அமெரிக்கா வந்து, அங்கே கூட்டுத் தற்கொலைக்கு ஒத்திகை நடக்கிறது என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். அண்ணன் இயக்கத்திலேயே இருந்தார். அந்த நவம்பர் 18 அன்று, வெளியேற முயன்றவர்களை விமான ஓடுதளத்தில் சுட்டவர்களில் அவரும் ஒருவர். அன்றே 900 பேருக்கு மேல் இறந்தார்கள். லாரி தண்டனை பெற்று 2002-இல்தான் வெளியே வந்தார். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே இடத்துக்குப் போனவர்கள். ஒருவர் தப்பித்தது இன்னொருவரை என்ன செய்தது என்று யோசித்தால் தூக்கம் வராது.

ஹெவன்ஸ் கேட்டிலும் ஒரு உடன்பிறப்புக் கதை உண்டு. இறந்த 39 பேரில் ஒருவர் தாமஸ் நிக்கல்ஸ். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸின் தம்பி. விண்கலப் பயணத்தை நடிப்பில் செய்த அக்கா, அதை நிஜம் என்று நம்பிப் போய்ச் சேர்ந்த தம்பி. ஒரு திரைக்கதையில் இப்படி எழுதினால் ரொம்ப ஓவர் என்று நாமே சொல்லியிருப்போம்.

இயக்குநர்களைப் பற்றிச் சொல்லவில்லையே. ஜஸ்டின் பென்சன், ஆரன் மூர்ஹெட். ஆமாம், கதாபாத்திரங்களின் பெயரும் அதேதான், நடித்ததும் அவர்களேதான். நிஜத்தில் உடன்பிறந்தவர்கள் இல்லை, ரிட்லி ஸ்காட்டின் நிறுவனத்தில் இன்டர்ன்களாக இருந்தபோது பழக்கமானவர்கள். எழுத்து பென்சன், ஒளிப்பதிவு மூர்ஹெட், இயக்கம் இருவரும். படத்தொகுப்பிலும் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் டேவிட் லாசன்கூட எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு கேம்ப்வாசியாக வந்து போகிறார். பின்னாளில் இருவரும் மார்வெலின் ‘மூன் நைட்’, ‘லோகி’ தொடர்களுக்கு அழைக்கப்பட்டார்கள். அதில் அவர்கள் முத்திரை எனக்கு அங்கங்கேதான் தெரிந்தது. பணம் வந்ததும் கயிறு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களுடைய முதல் படம் 2012-இல் வந்த ‘ரெசல்யூஷன்’. போதைக்கு அடிமையான நண்பனை, ஆளில்லாத ஒரு குடிசையில் கைவிலங்கு போட்டு ஏழு நாள் வைத்தால் பழக்கம் விட்டுவிடும் என்று இன்னொரு நண்பன் கிளம்புகிறான். அந்தக் குடிசையும் இதே மலையில்தான். அந்த இருவரும் ‘தி எண்ட்லெஸ்’ படத்திலும் வருகிறார்கள், இன்னும் அங்கேயே சுற்றிக்கொண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் இவர்களை அரிப்பது எது என்று எனக்குப் பிடிபட்டது. நீ ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாகக் காப்பாற்றினால், அவன் காப்பாற்றப்பட்டவனா, கைதியா? நண்பன் விலங்கு போட்டான். அண்ணன் பொய் சொன்னான். மலையில் இருப்பது சுழலைப் போட்டது. மூன்று பேரில் அந்த மலைக்காரனுக்கு மட்டும்தான் பாசம் கிடையாது, ஆனால் கட்டப்பட்டவனுக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரியுமா?

குறைகளும் இருக்கின்றன. நடுவில் ஒருவர் உட்கார்ந்து சுழலின் விதிகளை எல்லாம் பாடம் நடத்துகிறார். அதில் பாதியை வெட்டியிருந்தால் நாமே கண்டுபிடித்திருப்போம். கிளைமாக்ஸில் அந்தச் சக்தி நெருங்கிவரும் கிராஃபிக்ஸ், பட்ஜெட் தீர்ந்துபோனதைக் காட்டிக்கொடுக்கிறது. பெண் பாத்திரங்களுக்கு வேலை ரொம்பக் குறைவு. கேலி ஹெர்னாண்டஸ் நடித்த அன்னா என்ற பாத்திரம், தம்பியின் ஏக்கத்துக்கு ஒரு முகம் என்பதற்கு மேல் வளரவே இல்லை. காணாமல் போன கணவனைத் தேடி வந்து கேம்ப்பிலேயே தங்கிவிட்ட ஜெனிஃபருக்கு மட்டும் ஒரு தனிப் படமே எடுத்திருக்கலாம். முதல் இருபது நிமிடம் இயக்குநர்கள் இருவரின் நடிப்பும் தட்டையாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பேசத் தெரியாத இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு அந்தத் தட்டைத்தனமே பொருந்திவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

முடிவில் அண்ணன் தம்பியிடம், இனி நீயும் முடிவெடு என்கிறான். இருவரும் தப்பிக்கிறார்கள். நிறையப் பேர் இதை மகிழ்ச்சியான முடிவு என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பத்து வருடப் பழக்கம் ஒரு ராத்திரியில் போய்விடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த மாதமே சாப்பாட்டுக் காசுக்குச் சண்டை வரும், அண்ணன் மறுபடி ‘உனக்குத் தெரியாது’ என்பான். ஆனால் இந்த முறை தம்பி திருப்பிக் கேட்பான், அந்த வரைக்கும் நம்புகிறேன்.

பார்க்கப் போகிறவர்கள் ‘ரெசல்யூஷன்’ படத்தை முதலில் பாருங்கள். கட்டாயம் இல்லை, ஆனால் குடிசைக் காட்சியின் கனம் அப்போதுதான் தெரியும். போனில் பார்க்காதீர்கள், பாதிப் படம் இருட்டில்தான் நடக்கிறது, கயிறு மேலே எங்கே போகிறது என்பதே தெரியாமல் போய்விடும். அண்ணனோ தம்பியோ அக்காவோ வீட்டில் இருந்தால் கூட உட்கார வைத்துப் பார்க்கலாம். படம் முடிந்ததும் வருகிற சண்டைக்கு நான் பொறுப்பில்லை.