மானிட்டர் கலரும் மண்ணாங்கட்டியும்

"பிரிண்ட் இருட்டா வந்திருக்கு, பிரிண்டர் சரியில்ல." சரியில்லாதது பிரிண்டர் இல்லைங்க, உங்க மானிட்டர்! பிரைட்னஸை 100-ல் வைத்து, கண்ணைப் பறிப்பதற்கென்றே செய்த ‘விவிட்’ மோடில் போட்டோ எடிட் பண்ணினால் பிரிண்ட் வேறெப்படி வரும்? பிரிண்ட் வேலைக்குத் திரை வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100, 120 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) இருந்தால் தாராளம். முழு பிரைட்னஸில் பல மானிட்டர்கள் 300-ஐத் தொடும்.

சரி, மானிட்டர் கலரை அளந்து சரிசெய்ய, அதாவது கேலிப்ரேட் பண்ணச் சொன்னால்? ஆன் பண்ணியதும் பண்ணாததுமாகக் கலர் அளக்கும் கருவியான கலரிமீட்டரைத் திரையில் தொங்கவிடுவது. அரை மணி நேரம் சூடாகட்டுமே, என்ன அவசரம்? திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் ஓடிக்கொண்டிருக்கும். டைனமிக் கான்ட்ராஸ்ட் தன்னிஷ்டத்துக்கு வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். ஜன்னல் வெயில் நேரே திரையில் அடிக்கும். டார்கெட் மட்டும் வெள்ளையின் நிறத்துக்கு 6500 கெல்வின், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட சாயல்களுக்கு காமா 2.2. ஜோர்!

இன்னொரு கூட்டம், யாரோ தன் மானிட்டரை அளந்து எடுத்த ஐசிசி ப்ரொஃபைலை (அந்த மானிட்டர் கலரை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ஃபைல்) டவுன்லோட் பண்ணிப் போட்டுக்கொள்ளும். அதே மாடலாம்! ஒரே மாடலில் இரண்டு பேனல்கூட ஒன்றுபோல இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரின் பவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வீர்களா?

ஒழுங்காகச் செய்தவருக்காவது நிம்மதி உண்டா? இணையப் படங்களுக்கான பொதுக் கலர் அளவான எஸ்ஆர்ஜிபி மோடுக்குப் போனால் சில மானிட்டர்கள் பிரைட்னஸையே பூட்டிவிடும். ஸ்லீப்பிலிருந்து எழுந்த கம்ப்யூட்டர், கிராபிக்ஸ் கார்டில் ஏற்றிய கலர் திருத்தக் கர்வைச் சில சமயம் தொலைத்துவிட்டு நிற்கும். கலர் மேனேஜ்மென்ட் இல்லாத ஆப் என்றால் ப்ரொஃபைலைச் சீண்டவே சீண்டாது. கூடுதல் அடர்த்தியான கலர்களைக் காட்டும் வைட் கேமட் பேனலில் அந்த ஆப்பைத் திறந்தால் முகமெல்லாம் செக்கச்செவேல்.

இவ்வளவும் தாண்டி அனுப்பினால், கிளையண்ட் அதை போனில் பார்த்துவிட்டு, "கலர் கொஞ்சம் டல்லா இருக்கே?" என்பார்.